அவர் எழுந்திருப்பதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 4

தம்பி,

இனி போனில் கூப்பிடாதே. போன வாரம் நாம் இரண்டு பேரும் கத்திய கத்தலில் வார்டு காவலாளி என்னை வெளியே போகச் சொல்லிவிட்டான். உள்ளே கிடக்கிறவர் என் புருஷன், என்னைப் போய் அவன் விரட்டுகிறான். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுது, நானும் எழுதுகிறேன்.

உன் அத்தான் அப்படியேதான் இருக்கிறார். லிஃப்ட் குழிக்குள் விழுந்த மறுநாள் நீ பார்த்தபோது முகம் வீங்கிக் கிடந்தது. இப்போது வீக்கம் வற்றிவிட்டது. கண்ணைத் திறக்கிறார், ஆனால் எதையும் பார்ப்பதில்லை. தொண்டையில் குழாய். எத்தனையோ கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைத்த மனுஷன், ஒரு விரலை அசைக்க மாட்டேன் என்கிறார்.

நீ காபியைக்கூடக் குடிக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனது என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் உன்னை நான் போகச் சொன்னது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபிக்கும்போது நீ மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "இந்த இடத்துல அவிசுவாசம் இருக்கு, அதுதான் தடுக்குது"ன்னு ஜெபக்குழு அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்கள். எல்லோரும் கண்ணைத் திறந்து உன்னைத்தான் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நீ போடா" என்றேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. நீ போன பிறகு அந்த அம்மாவுக்குக் கர்த்தரிடமிருந்து வார்த்தை வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருப்பார் என்று. "உங்களுக்கும் கேட்டுச்சா?"ன்னு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். என் முறை வந்தபோது எனக்கும் கேட்டது என்றேன். கேட்டதுடா. அவரை நீண்ட நாள் வைத்துப் பார்க்கிற விடுதிக்கு மாற்றலாம் என்று டாக்டர் பேச்செடுத்தார். தேவைப்படாது, மாதக் கடைசியில் வீட்டுக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் தன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

நீ ஜெபிக்க வேண்டாம். குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். என்ன எழுதினாலும் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறாய். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன்.

காது பரிசோதிக்க வருகிறவர்களை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைப்பேன். சத்தம் புகாத அறை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். ஹெட்போன் வழியாக மெல்லிய சத்தம் அனுப்புவேன். கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதில் சும்மா இருப்பதுதான் யாருக்கும் வருவதில்லை. இன்றைக்கு ஒரு பெரியவர் வந்தார். நான் ஒரு சத்தமும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருக்கிறார். பொய் சொல்கிற ஆள் இல்லை. தப்பாகிவிடுமோ என்று பயம். அந்த மாதிரி நிசப்தத்தில் உட்கார்ந்தால் சொந்த நாடித் துடிப்பே வெளியிலிருந்து வருகிற சத்தம் மாதிரி கேட்கும்.

உன்னைக் கேலி செய்யவில்லை, அக்கா. என்ன கேட்டாய் என்று மட்டும் சொல். குரலா? ஒரு சொல்லா? இல்லை, உன் முறை வந்ததும் எல்லோரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதுவா?

நம் அப்பாவை நினைத்துப் பார். பழைய கார் வாங்கச் சொன்னது கர்த்தர். அது நடுரோட்டில் நின்றபோது பொறுமை கற்றுக்கொள்ளச் சொன்னதும் கர்த்தர். அழுதுகொண்டிருந்த என்னை விடுதியில் கொண்டுபோய் விடச் சொன்னதும் அவரேதானாம். அதிலிருந்து யாராவது கடவுள் சொன்னார் என்று ஆரம்பித்தால் எனக்கு ஜன்னலைப் பார்க்கத்தான் தோன்றுகிறது. ஜன்னலைப் பார்த்தது அதனால்தான். அத்தான் எழுந்திருக்கக் கூடாது என்பதற்காக இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றிக் குட்டியிடம் சொல்லாதே. சின்னப் பிள்ளை, அப்பா வருவார் என்று காத்திருப்பாள்.

தம்பி


ஜூன் 17

தம்பி,

உன் அறைக்குள் என்னைக் கொண்டுபோய் உட்கார வைக்காதே. நான் உன்னிடம் பரிசோதனைக்கு வரவில்லை.

குட்டியிடம் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடம் முழுக்க அவள் சொல்லியும் ஆயிற்று. அப்பா வந்ததும் முதலில் தன் சைக்கிளைச் சரிபண்ண வேண்டும் என்று அதைத் துடைத்து வைத்திருக்கிறாள். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறேன். விசுவாசம் என்றால் இதுதான். உனக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது.

அப்பாவை இழுக்காதே. அவர் கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும்.

எனக்கு நீ எழுத வேண்டாம்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், கிழித்துப் போடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே எங்கும் போகவில்லை. போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்க வேண்டும், அத்தான் அந்தக் கட்டைக் குரலில் "என்னடா மாப்பிள்ளை, தோத்துட்டியா?"ன்னு கேட்க வேண்டும் என்று இருந்தது. தோற்பதற்கு நான் அவ்வளவு ஆசைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிடாதே என்று நீ சொன்னதால் என்று வைத்துக்கொள். உண்மையில் பயம்.

நல்லபடியாக நடந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாய். அந்த அளவுக்கு எனக்கு உன்னைத் தெரியும். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 23

அக்கா,

பதில் இல்லை. சரி.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சத்தம் புகாத அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருகிறேன். ஹெட்போன் மாட்டுவதில்லை. ஜெபம் என்று சொல்ல வாய் கூசுகிறது. வார்த்தை எதுவும் வருவதில்லை, உன்னையும் அத்தானையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெருக்க வருகிற அம்மா நேற்று கதவைத் திறந்து பயந்துபோய், "உடம்பு சரியில்லையா சார்?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி,

உன் கடிதங்களைக் கிழிக்கவில்லை. தையல் மிஷின் இழுப்பறையில் கிடந்தன. இன்றைக்குத் தையல் கடையில் வேலை குறைவு. ஏதோ ஒரு பெரிய வீட்டுக்கு ஜன்னல் திரை தைத்து முடித்துவிட்டு, வெட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். சபைப் பாடகர் குழு முழுவதும் வார்டுக்கு வந்திருந்தது. அவர்களோடு உன் அத்தான் வழக்கமாக நின்று பாடுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு வரிசையாக நின்று பாடினார்கள். நான் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், குட்டி ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடினார்கள், ஜெபித்தார்கள், அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிய கை விட்டதும் படுக்கையில் விழுந்தது. திரும்பத் தூக்கினார்கள். திரும்ப விழுந்தது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் துடைக்கவில்லை. துடைத்தால் அவர் நோயாளி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. அப்படி ஒரு பைத்தியம் பிடித்திருந்தது எனக்கு.

குட்டிதான் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு வாய் துடைக்கணும்" என்றாள். பாட்டு நின்றுபோயிற்று. ஜெபக்குழு அம்மா கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இந்த இடத்துல ஒரு அவிசுவாசம் இருக்கு" என்றார்கள். எல்லோரும் கண்ணைத் திறந்து என் பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவள் யாரைப் பார்த்தாள் தெரியுமா? என்னைப் பார்த்தாள். நீயும் போகும்போது அப்படித்தான் பார்த்தாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றேன். பாடகர்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அன்னைக்கும் கேக்கலை. எல்லாரும் கேட்டுச்சுன்னாங்க, பயந்து நானும் சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க." பிறகு அவர் வாயைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு போதகர் ஒரு தடவை வந்து பழம் வைத்துவிட்டுப் போனார். வேறு யாரும் வரவில்லை.

நீ சொன்னது சரிதான். சரியாக இருந்து உனக்கு என்ன கிடைத்தது, எனக்கு என்ன கிடைத்தது? பொய்யாக ஒரு சத்தம் இருந்தது, அதுவும் போய்விட்டது. இப்போது மேலே பார்த்தால் கூரைதான் தெரிகிறது. குட்டி சாப்பிடும்முன் கண்ணை மூடுவதில்லை. மூடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சைக்கிளை வாசலிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குப் போகிறேன். அவருக்கு நகம் வெட்டுகிறேன், காலுக்கு எண்ணெய் தடவுகிறேன், முதுகில் புண் வராமல் நர்ஸோடு சேர்ந்து புரட்டிப் போடுகிறேன். பிறகு பக்கத்தில் நாற்காலியில் உட்காருகிறேன். முன்பெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பேன், எழுப்பித் தாரும், என்னைப் பார்க்க வையும் என்று. இப்போது கேட்க வார்த்தை இல்லை. கோபம்கூடத் தீர்ந்துபோயிற்று. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. இதுக்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். உன் அறையில் உட்காருகிறவர்களில் ஒன்றுமே கேட்காதவர்களும் இருப்பார்களே, அவர்கள் என்ன செய்வார்கள்?

அக்கா


ஆகஸ்ட் 15

அக்கா,

குட்டியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. எதிரில் வந்தவன் பிழைத்தான்.

நீ கேட்டதற்குப் பதில். சென்ற மாதம் ஒரு அம்மா வந்தார்கள். வேலை பார்த்த காலத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் குரலை இணைத்துக் கொடுத்த காது, இப்போது அநேகமாகச் செத்துவிட்டது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன், அவர்கள் அழுத்தவில்லை. கட்டை விரல் பொத்தான்மேல் இருக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பரிசோதனை முழுவதும் அந்த விரல் விலகவும் இல்லை, அவசரப்பட்டு அழுந்தவும் இல்லை. எத்தனையோ பேரை அங்கே உட்கார வைத்திருக்கிறேன், அப்படிக் காது கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. வெளியே வந்து, "நான் எதும் தப்பாப் பண்ணிட்டேனா தம்பி?"ன்னு கேட்டார்கள். "இல்லம்மா, சரியாத்தான் உக்காந்திருந்தீங்க"ன்னு எழுதிக் காட்டினேன்.

அதற்கு அவர்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, அக்கா. காது போய்விட்டது என்றுதான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

நான் இன்னும் சாயங்காலம் அந்த அறைக்குள் போகிறேன். யாரும் வரவில்லை. வந்தார் என்று என்றைக்காவது எழுதினால் என்னை நம்பாதே. ஆனால் போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. அப்பா கர்த்தர் பெயரைச் சொல்லிச் சொல்லியே அவர்மேல் எனக்கு வெறுப்பு வர வைத்தார். இப்போது அந்தக் கர்த்தர் வாயைத் திறக்காமல் இருக்கிறார், என்னால் எழுந்து வர முடியவில்லை. இது என்ன கூத்து என்று நீதான் சொல்ல வேண்டும்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரட்டுமா? ஜெபக்காரனாக வரவில்லை. அத்தானைப் புரட்டிப் போட ஒரு ஆளாக வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

வா. குட்டியின் சைக்கிளுக்குச் செயின் வாங்கி வா.

அக்கா


அக்டோபர் 2

தம்பி,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாகக் குட்டி சொன்னாள். என்னிடம் பேசாமல் அவளிடம் பேசி வைத்ததும் நல்லதுதான். உன் அத்தானை அடக்கம் செய்ததிலிருந்து போன் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை.

கூடவே இருந்து எல்லாவற்றையும் நீ பார்த்தாய். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது, இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்னது, பெட்டியின் முன்பக்கம் நீ தோள் கொடுத்தது. நீ பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது. நீ கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் அத்தான் வீட்டுக்கு வருவார் என்று முன்பு நான் அடித்துச் சொன்னது டாக்டர் மனசில் இருந்திருக்கிறது. கேலியாக இல்லை, தயங்கித் தயங்கித்தான் கேட்டார், "உங்க கடவுள் ஏதாவது சொன்னாராம்மா?" என்று.

"இல்ல டாக்டர். நீங்க பண்றதப் பண்ணுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து உன் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு நீளமாகி நீளமாகி, பிறகு அடுத்தது வரவில்லை. கடைசி நேரத்தில் ஒரு சமாதானம் வரும், ஒரு வெளிச்சம் தெரியும் என்றெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமிக்கொண்டிருந்தார். நீ மருந்தோடு வந்து நின்றாய், அதை யாருக்கு என்று வாங்கினாயோ.

கல்லறையில் போதகர் என்னிடம் குனிந்து, "அவர் போகும்போது உங்க மனசுக்குள்ள சமாதானம் இருந்துச்சு, இல்லையாம்மா?" என்று கேட்டார். பிரசங்கத்தில் சொல்வதற்காகத்தான். ஆமாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஜெபக்குழு அம்மாவும் கைக்குட்டையோடு நின்றார்கள். ஆமாம் என்றால் எல்லோருக்கும் ஆறுதல், எனக்கும்தான். "இல்லைங்க" என்றேன். "ஆனா நான் எந்திரிச்சுப் போகலை. அதச் சொல்லிக்கோங்க." அவர் அதைச் சொல்லவில்லை. போகட்டும்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன், தம்பி. அவர் தலையணையில் எண்ணெய்க் கறை இருக்கிறது, உறையைத் துவைக்க மனசு வரவில்லை. சாகும்போது அவருக்கு நான் யாரென்று தெரிந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் வந்தால் கால் தானாகப் புறப்படுகிறது. ஒரு நாள் பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அதன் பிறகு அந்த நேரத்துக்குச் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். இது வேண்டும், அது வேண்டும் என்று ஒன்றும் சொல்வதில்லை. சொல்வதற்கு இருந்த ஒன்றையும் புதைத்தாயிற்று. இங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன், அதுவும் சில நாள் வருவதில்லை.

நேற்று குட்டி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாதான் போயாச்சே, இப்ப எதுக்கும்மா உக்காந்திருக்க?" என்றாள்.

"கடவுளுக்காக."

"வருவாரா?"

தெரியாது என்றேன். அவளிடம் இனி ஒரு நாளும் தெரியாததைத் தெரியும் என்று சொல்வதாக இல்லை.

"வரலைன்னா?"

"நாளைக்கும் உக்காருவேன்."

அவள் அதை யோசித்தாள். "எனக்கு அவர் மேல கோவம்" என்றாள். எனக்கும்தான் என்றேன். பிறகு அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, உம்மென்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்துபோய் அணைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அவள் போகவில்லை.

அக்கா